'ஆசிய உடல்' என்றொரு யூகம்

நுரையீரலில் புற்று என்றதும் கேட்கிறவர் வாயிலிருந்து முதலில் வருவது 'சிகரெட் பிடிப்பாரா?' என்பதுதான். 1950இல் டாலும் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நிறுவிய உண்மை அது. புகையிலைக் கம்பெனிகளின் பொய்களோடு மல்லுக்கட்டி நின்ற உண்மை. அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அதே உண்மை மெல்ல மெல்ல ஒரு தீர்ப்பாகவும் மாறிப்போனது. புகைத்தவர் குற்றவாளி, புகைக்காதவர் கணக்கிலேயே இல்லை. 1981இல் ஜப்பானின் ஹிரயாமா, புகைக்காத 91,540 பெண்களை ஆராய்ந்தார். அவர்களும் புகைக்கிற (அல்லது புகைக்காத) புருஷனுக்கு மனைவி என்கிற வகையில்தான் மருத்துவச் சொல்லாடலுக்குள் நுழைய முடிந்தது.

2002 ஜூலையில் இரெஸ்ஸா என்ற மாத்திரையை உலகிலேயே முதலாவதாக ஜப்பான் அனுமதித்தது. செல்லை வளரச் சொல்லித் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதத்தை அது முடக்கும். 'கனவு மருந்து' என்றார்கள். வீட்டிலிருந்தே விழுங்கலாம், கீமோதெரபியின் அவஸ்தை இல்லை. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களைத் தொகுத்துப் பார்த்தபோது பெண்கள், புகைக்காதவர்கள், ஆசியர்கள் என்று ஒரு சித்திரம் கிடைத்தது. உடனே 'ஆசிய உடல்' என்பதே ஒரு விளக்கம்போல ஆகிவிட்டது. இனம் என்கிற பழைய சரக்கு, ஆய்வுக்கூட அங்கி போட்டுக்கொண்டு திரும்ப வந்த கதை இது.

2004இல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் மூன்று ஆய்வுக் குழுக்கள் மருந்து கேட்டவர்களின் கட்டியையே எடுத்துப் பார்த்தன. ஒரு குழு பார்த்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாறியிருந்தது. கேட்காத ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்த மாற்றம் அநேகமாக அப்பன் பாட்டன் வழி வந்தது இல்லை, கட்டிக்குள்ளேயே நேர்ந்தது. கிழக்காசியாவில் அதிகம் என்பது உண்மை. அதை 'இன ரத்தம்' என்று படிப்பதுதான் வம்பு.

அப்புறமும் யூகம் விடவில்லை. ஐபாஸ் என்ற பெரும் சோதனைக்குக் கிழக்காசியாவில் 1217 பேரைச் சேர்த்தது பழைய அடையாளங்களை வைத்துத்தான். 2009இல் முடிவு வெளியானது. மரபணு பார்க்க முடிந்த 437 பேரில் 261 பேருக்கே மாற்றம் இருந்தது. அது இல்லாதவர்களில் மாத்திரை விழுங்கியோருக்கு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் கட்டி சுருங்கியது. கீமோதெரபி எடுத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குச் சுருங்கியது. அதாவது, ஆசியர், புகைக்காதவர் என்று நம்பி மாத்திரை கொடுத்ததால் ஒரு பகுதியினர் உள்ளபடியே நஷ்டப்பட்டார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது ஜப்பானில் நடந்தது. மருந்து வந்த மூன்றே மாதத்தில், 2002 அக்டோபரில், அவசர எச்சரிக்கை விட வேண்டிவந்தது. நுரையீரலின் இடைத்திசு அழன்று மூச்சு முட்டிச் செத்தார்கள். பிற்பாடு கணக்கு எண்ணூறைத் தாண்டியது. முதல் குறிப்பேட்டில் இந்த ஆபத்து, வயிற்றுப்போக்குக்கெல்லாம் பின்னால் நாலாவதாக இருந்தது. குடும்பங்கள் 2004இல் வழக்குப் போட்டன. 2011இல் கீழ்நீதிமன்றங்கள் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லின, மேலே அது ரத்தானது. 2013இல் உச்ச நீதிமன்றம் குடும்பங்களைக் கைவிட்டது.

இந்த அழற்சி அதிகம் தாக்கியது யாரை என்றும் பின்னால் தெரிந்தது: ஆண்கள், புகைத்தவர்கள். கட்டியில் அந்த மாற்றம் இருக்க வாய்ப்பு ஆகக் குறைவானவர்களும் அவர்களேதான். பலன் கிடைக்காதவர்கள் பக்கமே ஆபத்து குவிந்திருந்திருக்கிறது. புகைத்தவர்களிடம் அதிகம் காணப்படுகிற கேராஸ் மாற்றம் 1980களிலேயே தெரியும். அதற்கான முதல் மருந்து 2021இல்தான் வந்தது. அந்தப் புரதத்தில் மருந்து பற்றிக்கொள்ள இடம் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். நியாயமான காரணம்தான். 2002இல் செத்தவர்களில் எத்தனை பேர் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் மாறியிருந்தது? அப்போது அதைப் பார்க்கணும் என்றே யாருக்கும் தெரியாது.