டென்மார்க்கின் மறுப்பு

ஐரோப்பாவின் பன்னிரண்டு தேசங்கள் 1992 பிப்ரவரி 7-ஆம் தேதி நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, பொது நாணயம், பொதுவான வெளிநாட்டுக் கொள்கை, ஐரோப்பியப் பிரஜா உரிமை முதலிய பெரிய சங்கல்பங்களைத் தாங்கியிருந்ததோடு, பன்னிருவரும் ஒருமனதாக அங்கீகரித்தாலன்றி அமலுக்கு வராது என்ற நிபந்தனையையும் தாங்கியிருந்தது. தேசத்தின் அதிகாரத்தில் ஒரு பகுதியை வெளி ஸ்தாபனம் எதற்கேனும் ஒப்படைப்பதானால் பார்லிமெண்டில் ஆறில் ஐந்து பங்கினர் சம்மதிக்க வேண்டும், இல்லையேல் ஜனங்களையே கேட்க வேண்டும் என்று விதிக்கும் டென்மார்க்கின் அரசியல் சட்டத்தில்தான் அந்த நிபந்தனை முதலில் இடறியது. 179 அங்கத்தினர் கொண்ட அச்சபையில் ஆதரவாக விழுந்த வாக்குகள் 130, எதிராக 25. ஆறில் ஐந்துக்கு 150 வேண்டும். ஆகவே கேள்வி ஜனங்களிடம் போயிற்று.

ஜூன் 2-ஆம் தேதி, பெரிய கட்சிகளும் முதலாளிகளின் சங்கங்களும் பத்திரிகைகளில் பெரும்பாலானவையும் ஒரே குரலில் சம்மதிக்கும்படி வேண்டியிருந்தும், நூற்றுக்கு 83 பேர் வாக்களித்த அத்தேர்தலில் 50.7 சதவீதத்தினர் மறுத்துவிட்டார்கள். வித்தியாசம் ஏறக்குறைய 46,500 வாக்குகள். ஒரு நடுத்தரப் பட்டணத்தின் ஜனத்தொகைகூட இராது.

நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகையும் அச்சாகி ஊரெங்கும் போன பிறகு மணப்பெண் மாட்டேனென்று சொன்னால் பெரியவர்கள் எப்படித் திகைப்பார்களோ, அப்படித் திகைத்தார்கள் ஐரோப்பிய மந்திரிகள். இரண்டே தினங்களில் ஆஸ்லோவில் கூடி, உடன்படிக்கையைத் திருத்த மாட்டோம், மற்றவர்கள் அங்கீகரித்துக்கொண்டே போவார்கள் என்று அறிவித்தார்கள். பந்தக்காலைப் பிடுங்குவதில்லை என்று தீர்மானம். மறுப்பு வெளியான மறுநாளே பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரான் தம் தேசத்திலும் வாக்கெடுப்பு என்றார். செப்டம்பரில் அது நடந்தபோது, நூற்றுக்கு 51 பேரின் ஆதரவோடு மயிரிழையில் தப்பிற்று.

அந்த ஜூன் மாதத்திலேயே இன்னொரு விசித்திரமும் நிகழ்ந்தது. யுகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட டென்மார்க்கின் கால்பந்துக் குழு, 26-ஆம் தேதி ஸ்வீடனில் ஜெர்மனியை 2-0 என்று வென்று ஐரோப்பிய விருதைக் கைப்பற்றியது. அன்று லிஸ்பனில் கூடியிருந்த தலைவர்கள் மாநாட்டில், தம் தேசத்தின் சிவப்பு வெள்ளைக் கழுத்துத் துணியோடு காட்சியளித்த வெளிநாட்டு மந்திரி எல்லமன்-யென்சன், வாக்கில் தோற்றவராகவே தோன்றவில்லை.

மறுத்த ஜனங்களை எப்படி இசைய வைப்பது என்பதே பிறகு பிரச்னை. பார்லிமெண்டின் எட்டுக் கட்சிகளில் ஏழு கூடி வகுத்த கோரிக்கைகளை டிசம்பரில் எடின்பரோ மாநாடு ஏற்று, பொது நாணயம், பாதுகாப்பு, நீதி உள்துறை விவகாரங்கள், பிரஜா உரிமை ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்களித்தது. ஆனால் இரண்டாம் வாக்கெடுப்பை நடத்தும் பாக்கியம் பிரதம மந்திரி ஷ்லூட்டருக்குக் கிட்டவில்லை. அதற்குக் காரணம் ஐரோப்பாவல்ல, தமிழர். 1987 முதல் அவருடைய நீதி மந்திரி நின்-ஹான்சன், இலங்கையிலிருந்து போன தமிழ் அகதிகள் தங்கள் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளச் சட்டம் தந்திருந்த உரிமையைச் சட்டத்துக்கு விரோதமாக முடக்கி வைத்திருந்தார். அதை விசாரித்த அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்ததும் பத்து வருஷ மந்திரிசபை கவிழ்ந்தது. டென்மார்க்கில் இன்றும் அதற்குப் பெயர் 'தமிழர் வழக்கு'.

புதிய பிரதமர் ராஸ்முஸனின் ஆட்சியில் 1993 மே 18-ஆம் தேதி 56.7 சதவீதத்தினர் சம்மதித்தனர். வேண்டிய பதில் வரும்வரை கேட்டார்கள் என்று இதைப் பரிகாசம் செய்வோர் உண்டு. உடன்படிக்கையில் ஓரெழுத்தும் மாறவில்லை என்பது மெய்யானாலும், அது டென்மார்க்கைக் கட்டுப்படுத்தும் எல்லை மாறிவிட்டதென்பதால் அப்பரிகாசம் பாதி நியாயமே. கோபன்ஹேகனின் நோர்ரேப்ரோ பகுதியினர் சிலருக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றிரவு அங்கே கல்லெறியில் தொடங்கிய கலவரத்தில் போலீசார் 113 குண்டுகள் சுட்டார்கள். பதினொரு பேருக்கேனும் காயம்.

அந்த நான்கு விலக்குகள் ஏதோ தற்காலிக ஏற்பாடு என்று நினைத்தவர்களை அவை நெடுநாள் ஏமாற்றின. 2000-இல் யூரோ நாணயத்தைக் குறித்துக் கேட்டபோது 53.2 சதவீதத்தினர் மறுத்தனர். 2015-இல் நீதி விவகாரங்களைக் குறித்துக் கேட்டபோதும் மறுப்புத்தான். ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த பிறகு, 2022 ஜூன் 1-ஆம் தேதி மூன்றில் இரண்டு பங்கினர் பாதுகாப்பு விலக்கை மட்டும் நீக்கச் சம்மதித்தார்கள். நாணயம் இன்னும் குரோனர்தான்.