ஹார்பர் கதைகளும் அவற்றின் மறு ஆக்கங்களும்

துறைமுகக் கூலித் தொழிலாளியை நாயகனாக்கிய 'தீ' 1981 ஜனவரியில் வெளியானது. ரஜினிகாந்த் நடித்து ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கிய இப்படம், யஷ் சோப்ராவின் இந்திப் படமான 'தீவார்' (1975) கதையின் தமிழ் வடிவம். முந்தைய ஆண்டு இதே இயக்குநரும் நாயகனும் 'டான்' படத்தை 'பில்லா'வாக்கி வெற்றி கண்டிருந்தார்கள். அந்த வேகத்தில் பம்பாய்த் துறைமுகமும் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

சலீம்-ஜாவேத் எழுதிய 'தீவார்' பம்பாய் மண்ணோடு ஒட்டிப் பிறந்தது. அமிதாப் பச்சன் ஏற்ற பாத்திரத்தில் ஹாஜி மஸ்தானின் சாயல் உண்டு என்பார்கள். மஸ்தான் ராமநாதபுரம் சீமையின் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். ஆக, ஒரு தமிழ்க் கூலியின் நிழல் இந்திக்குப் போய், மறு ஆக்கமாகத் தமிழுக்கே திரும்பியிருக்கிறது. படத்தில் மாமூல் தர மறுத்த புதுத் தொழிலாளி ஒருவன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். அதன்பின் நாயகன் ரவுடிகளின் கிடங்குக்குள் தனியாக நுழைந்து, கதவை உள்ளே பூட்டிச் சாவியை அவர்களிடமே வீசுகிறான். அநியாயத்தைத் தட்டிக்கேட்க எந்த அமைப்பும் இல்லாத இடத்தில்தான் இந்தக் காட்சிக்கு முழு வலு கிடைக்கும்.

சென்னை ஹார்பரின் வரலாறு வேறு. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. 1923-இல் சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, துறைமுகத்தின் பக்கத்துக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த துறைமுகத் தொழிலாளர் வாரியம், கப்பல் சரக்கு ஏற்றி இறக்குபவர்களைப் பதிவு செய்து முறைவைத்து வேலை தந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை போன்ற தலைவர்களின் குரல் ராயபுரம் வரை கேட்டது. ரவுடிகளும் மாமூலும் இங்கேயும் இருந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை எதிர்க்கச் சங்கக் கொடியும் இருந்தது. 'தீ' படத்துக்கு அந்தக் கொடி கண்ணில் படவில்லை. 'தீவார்' கதையிலேயே தந்தை ஒரு தொழிற்சங்கத் தலைவர். அந்த இழையைப் பிடித்து வடசென்னைக்குள் இறங்கியிருந்தால் படம் மூலத்தைத் தாண்டியிருக்கவும் கூடும். கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போனது. தாயாக சௌகார் ஜானகியும் ரஜினியின் வேகமும் படத்தைத் தாங்கின. கதையின் ஊர் மட்டும் பம்பாயாகவே நின்றுவிட்டது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு போக்குவரத்து திசை மாறியது. வெற்றிமாறனின் முதல் படமான 'பொல்லாதவன்' (2007), திருட்டுப்போன பைக்கைத் தேடும் இளைஞனை வடசென்னைக் கும்பலின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. அது தெலுங்கில் 'குர்ராடு' (2009), கன்னடத்தில் 'புண்டா' (2010), சிங்களத்தில் 'பிரவேகய' (2015), இந்தியில் 'கன்ஸ் ஆஃப் பனாரஸ்' (2020) என்று ஊர் ஊராகப் போனது. பைக் எந்த ஊரிலும் ஓடும். மூலத்தில் கும்பலுக்குள் அண்ணன் கட்டிக்காக்கும் ஒழுங்கும் அதை மீறத் துடிக்கும் தம்பியின் வெறியும் வடசென்னையில் வேர் பிடித்தவை. அந்தப் பகுதியைத் தேடித் திரிந்த அனுபவமே பின்னாளில் வெற்றிமாறனை 'வடசென்னை' (2018) வரை கொண்டுசென்றது. கதைச் சுருக்கத்தை வாங்கியவர்களுக்கு அந்த அலைச்சல் கிடைத்திருக்காது.

சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' வேறு வகை. குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த வடசென்னையின் மீனவக் குப்பத்தில், மீன் விற்கும் மதியைப் பயிற்சியாளர் கண்டெடுக்கிறார். தமிழும் இந்தி 'சாலா கடூஸ்' படமும் 2016 ஜனவரி 29 அன்று ஒன்றாகவே வந்தன. களமும் நடிகர்களும் ஏறக்குறைய ஒன்றுதான், வேறுபட்டது பேச்சு. மதியின் தாய் வடநாட்டவர் என்று கதை காரணம் காட்டினாலும், சென்னைக் குப்பத்துப் பெண் இந்தியில் சீறும்போது பாதி கோபம் வழியிலேயே வடிந்துவிடுகிறது. தமிழில் அவள் திட்டும் திட்டு தெருவில் கேட்ட திட்டு. 2017-இல் வந்த தெலுங்கு 'குரு'வில் அதே இயக்குநர், அதே ரித்திகா சிங், பயிற்சியாளராக வெங்கடேஷ். இம்முறை கதை விசாகப்பட்டினத்துக்கு இடம்பெயர்ந்தது. அதுவும் துறைமுக நகரம்தான், பெண்ணின் பேச்சும் அந்த ஊர்ப் பேச்சானது. இந்தி வடிவத்தைவிட இது மூலத்துக்கு நெருக்கமாக நின்றதற்கு இந்த இடமாற்றமே காரணம்.