பெருங்களத்தூரில் பிறந்த கார்

1960களில் இந்தியாவில் புதுக் கார் வாங்க நினைத்தவருக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் கண்ணில் படும். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். முதல் இரண்டும் பிறகு பல வருடம் டாக்ஸியாகவும் ஓடியதால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் “அது எந்தக் கம்பெனி அங்கிள்?” என்கிறார்கள். பி பிளாக் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பத்து மாதமாகத் தார்ப்பாய் போர்த்தி நிற்பது அந்த மூன்றாவது கார்தான்.

சென்ற பொதுக்குழுவில் அதைப் பற்றிக் காரசாரமாகவே பேச்சு நடந்தது. “காயலான் கடைக்குப் போக வேண்டியது இங்கே எதற்கு?” என்று கேட்டவர்களும் உண்டு. மார்ச் 31க்குள் வண்டி தன் இன்ஜினில் கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது. எனக்கு அந்த முடிவில் குறை இல்லை. இடம் எல்லோருக்கும் பொது. ஆனால் 24 வயதுப் பையன், இதற்கு முன் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைத் தவிர எதையும் கழற்றாதவன், இந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் அறுபது, எழுபது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரத் தகராறில் தொடங்குகிறது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் இங்கிருந்த யூனியன் கம்பெனியும் சேர்ந்து நடத்திய தொழில். ஆலை ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர் வண்டலூர் எல்லையில் இருந்தது. ஆரம்பத்தில் கப்பலில் வந்த பாகங்களை வைத்து வான்கார்ட் காரைப் பூட்டிக் கொடுத்தார்கள். 1953-ல் மத்திய அரசு, இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. ஸ்டாண்டர்ட் நின்றது. அதன் பிறகு டென், பென்னன்ட் என்ற சிறிய கார்கள் வந்தன. அந்த 948 சி.சி. இன்ஜின்தான் பின்னர் ஹெரால்டுக்குள்ளும் போயிற்று.

இப்போது இங்கிலாந்துக் கதை. அங்கே ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு கார் பாடி செய்து கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த புது மாடலுக்கு முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. மற்ற கம்பெனிகள் எல்லாம் அடிச்சட்டமே இல்லாத ஒற்றைக்கூடு கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்டாண்டர்டோ வேறு வழியில்லாமல் பழைய முறைக்குத் திரும்பியது. கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் பல இடங்களில் அடித்து வாங்கிய சின்னச் சின்ன தகடுப் பகுதிகளை போல்ட் போட்டு மாட்டுவது.

நம்மைப் போன்ற ஃபிளாட்வாசிகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பாட்டி காலத்து வீட்டில் சுவரே கூரையைத் தாங்கும். சுவரில் கை வைத்தால் வீடு போகும். நம் கட்டடத்தில் தூணும் பீமும் தாங்குகின்றன. நடுச்சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கலாம், அசோசியேஷன் அனுமதித்தால். ஒற்றைக்கூடு கார் முதல் வகை. ஹெரால்ட் இரண்டாம் வகை. துருப்பிடித்த ஒரு பகுதியைக் கழற்றி எடுத்துவிட்டாலும் சேஸிஸ் தன் நான்கு சக்கரத்தில் நிற்கும். அந்தக் காரின் கூரையே போல்ட்டில்தான் நிற்கிறது. அதனால்தான் அதே காரைக் கூரை இல்லாத மாடலாகவும், பின்பக்கம் நீண்ட எஸ்டேட் வண்டியாகவும் விற்க முடிந்தது.

உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டுரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்தது. அதன் பானெட் ஒரு விசித்திரம். முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மொத்த மூக்கும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் மூன்றும் திறந்தவெளியில் கிடக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பள்ளமோ லிஃப்டோ இல்லாத நம் பார்க்கிங்கில் ஒருவன் தனியாக வேலை செய்ய இதைவிட வசதி கிடையாது. திரும்பும் வட்டம் 25 அடிதான். சி பிளாக் வளைவில் மூன்று தடவை ரிவர்ஸ் எடுப்பவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம்.

1961-ல் பெருங்களத்தூரில் ஹெரால்ட் உற்பத்தி தொடங்கியது. இங்கே பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம் ரோட்டுக்காக உயரத்தைக் கூட்டினார்கள். வருடத்துக்கு வருடம் உள்நாட்டுப் பாகங்கள் அதிகமாயின. மெட்ராஸைச் சுற்றி உதிரிபாகத் தொழில் வளர்ந்த காலமும் அதுவே. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே வந்துவிட்டது, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960களின் தொடக்கத்தில் பிறந்தவை. அறுபதுகளின் கடைசியில் நான்கு கதவு ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்துக்காரர்களே பார்க்காத மாடல், இந்தியாவுக்கு மட்டும்.

குறையும் இருந்தது. பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஸ்விங் ஆக்ஸில். ஆள் ஏறினால் சக்கரங்கள் அகட்டிக்கொள்ளும், வேகமாக வளைந்தால் உள்ளே மடங்கப் பார்க்கும். நம் வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவே இல்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த கெஸல் மாடலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் வைத்தார்கள். ஆனால் கெஸல் குறைவாகவே தயாரானது, 1977-ல் நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். ரோவர் உடம்பில் பழைய வான்கார்ட் வழி இன்ஜின். மாருதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதிக விலைக்கு அதிக பெட்ரோல் குடிக்கும் கார் யாருக்கு வேண்டும்? 1988-ல் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

நம் பி பிளாக் தம்பியின் கார் 1960களின் நடுவில் செய்த இரண்டு கதவு ஹெரால்ட். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஷெட்டில் கிடந்தது. அவன் பட்ஜெட், சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மாதம் மிஞ்சுவது. அதனால் வேலையின் வரிசையையே காசு தீர்மானிக்கிறது. பெயின்ட் கடைசி. முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும் என்று பிரேக்கில் ஆரம்பித்தான். சரியான முடிவு. அந்தக் காலத்து பிரேக் எண்ணெய் ஒரே பாதையில் நான்கு சக்கரத்துக்கும் போகும். ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்து ஒழுகினால் நான்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். ரப்பரில் சிக்கனம் பார்க்கவில்லை.

ஸ்பானரிலேயே முதல் பாடம் வந்தது. இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. நம் வீடுகளில் இருப்பது மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 ஸ்பானர் அதில் உட்காரும், ஆனால் இறுக்கமாகத் திருகினால் வழுக்கி போல்ட் தலையை மழுக்கிவிடும். புதுப்பேட்டையில் பழைய அங்குல ஸ்பானர் செட் ஒன்றை எடை போட்டு வாங்கி வந்தான். அதே புதுப்பேட்டையில்தான் அவனுக்கு எழுபது தாண்டிய ஒரு மெக்கானிக் ஐயா கிடைத்தார். ஞாயிறு காலை சில சமயம் நம் பார்க்கிங்கில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். செக்யூரிட்டி தடுக்க வேண்டாம்.

அவர் வந்த அன்று முதலில் கேட்டது இன்ஜினைப் பற்றி இல்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பு, அடியில் டிரனியன் என்ற மரை போட்ட முட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது அதற்குள்தான் திரும்பும். “தம்பி, இதுல என்ன போட்டிருக்கே?” என்றார். “கிரீஸ் போடலாம்னு இருக்கேன் ஐயா.” “போடவே போடாதே. கிரீஸ் காஞ்சு கட்டியாயிடும், உள்ளே தண்ணி நின்னு இரும்பு துரு புடிக்கும். ஒரு நாள் பட்டுனு முறிஞ்சு சக்கரம் மடங்கிடும். கெட்டியான கியர் ஆயில் ஊத்து, தொண்ணூறு நம்பர்.” இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்தார்கள். இடது பக்கத்து இரும்பில் மரை அரித்திருந்தது. அதை மாற்றிய செலவு அந்த மாதத்து மிச்சம் முழுவதையும் விழுங்கியது. தகட்டை வழவழப்பாக்கிப் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இது தெரியவந்திருக்கும்.

சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள்தான் ஹெரால்டில் முதலில் துருப்பிடிக்கும் இடம். கடல் காற்று ஊரில் கேட்கவே வேண்டாம். இரண்டு கைகள் போய்விட்டன. நம் பார்க்கிங்கில் வெல்டிங் கூடாது என்று கமிட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெட்ரோல் டேங்கை அவன் முன்பே கழற்றி வெளியே அனுப்பிவிட்டான் என்றாலும், பக்கத்தில் நிற்பவை மற்றவர்களின் கார்கள். வண்டியை டெம்போவில் ஏற்றி அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டிங் முடித்துத் திரும்பினார்கள். சத்தம் வரும் வேலை ஞாயிறு பத்து முதல் ஒரு மணி வரைதான் என்ற ஏற்பாடு தொடர்கிறது.

காகிதப் பக்கமும் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத கார், பைக்குகளை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் ஆபீஸ் போக முடியாது. அந்தப் பாதையா, சாதாரண ஆர்.சி. புதுப்பிப்பா என்று அவன் இன்னும் யோசிக்கிறான். என்னைக் கேட்டால் பழைய எம்.எஸ். நம்பரை விடாமல் சாதாரணமாகவே புதுப்பிக்கலாம். ஹெரால்ட் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் செய்த கார் இல்லை.

இன்ஜின் இரண்டு வாரம் முன்பு ஸ்டார்ட் ஆகிவிட்டது. நீலப் புகை கொஞ்சம் வருகிறது. ரிங் வேலை அடுத்த வருடத்துக்கு. மிச்சம் இருப்பவை வயரிங், ஓட்டுநர் பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடி, கதவு ரப்பர். யாராவது வீட்டுப் பரணில் ஹெரால்ட் அல்லது கெஸல் சாமான், பழைய வொர்க்‌ஷாப் புத்தகம் இருந்தால் அசோசியேஷன் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெருங்களத்தூர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் உறவில் இருந்தாலும் சொல்லுங்கள். அந்த நான்கு கதவு மாடலைப் பற்றி அவர்களிடம் கேட்க எனக்கும் நிறைய இருக்கிறது. முதல் ஓட்டம் மார்ச் மாதம் மூன்றாவது ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, பி பிளாக்கிலிருந்து மெயின் கேட் வரை. அந்த நேரத்துக்கு மட்டும் வழியில் யாரும் டபுள் பார்க்கிங் செய்ய வேண்டாம்.