தாம்பரம் மாநாடு (1938)

தாம்பரம் மாநாடு என்பது அனைத்துலக மிஷனரி மன்றம் 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூட்டிய உலகப் புராட்டஸ்தாந்து மாநாடு. திருச்சபையின் பணிகள் பலவற்றை அது விவாதித்தது. ஆனால் இன்று அது நினைக்கப்படுவது ஒரே கேள்விக்காக: பிற சமயங்களில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியிருக்கிறாரா, இல்லையா? கிறித்தவர் தம் அண்டை வீட்டாரின் சமயத்தை எப்படி அணுக வேண்டும் என்று பின்னால் நடந்த புராட்டஸ்தாந்து விவாதங்கள் பெரும்பாலும் இந்த மாநாட்டை எங்காவது தொட்டே செல்கின்றன.

மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் படையெடுத்ததால் இடம் மாறியது. கல்லூரியும் அப்போதுதான் இடம் மாறியிருந்தது. பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நெருக்கடியில் இயங்கிவந்த கல்லூரி, 1937இல் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. இன்று மரங்கள் அடர்ந்து தெரியும் அந்த வளாகம் அன்று பெரும்பாலும் முட்செடியும் செம்மண்ணும்தான்.

வந்தவர்கள் 471 பேர். 69 நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் சேர்ந்தவர்கள். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்கரான ஜான் மோட். ஜப்பானின் ககாவா, சீனாவின் டி. சி. சாவ், பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுதூலி ஆகியோர் வந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் இளைய திருச்சபையினர். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டின் ஏறத்தாழ 1,200 பேரில் ஆசியர்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. மிஷனரிகளான நீங்கள் எங்களுக்காக நிறையத் தியாகம் செய்கிறீர்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்களாக இருப்பதில்லை என்ற பொருளில் அவர் அங்கே பேசியது சபையைச் சங்கடப்படுத்தியது. தாம்பரத்துக்கு அவர் தோர்ணக்கல் பேராயராக வந்தார்.

இந்து சமயத்தைக் குறித்து மிஷனரிகளிடையே அதற்குள் இரண்டு மூன்று போக்குகள் உருவாகியிருந்தன. இந்துக்களின் தேடல் கிறிஸ்துவில் நிறைவடைகிறது என்று ஜே. என். ஃபர்குஹர் 1913இல் எழுதினார். அது மரியாதையான பார்வைதான். ஆனால் நிறைவு எங்கே என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட மரியாதை. 1932இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஹாக்கிங் தலைமையிலான குழு, மிஷனரிகள் பிற சமயத்தாரோடு சேர்ந்து உண்மையைத் தேடுவோராக மாற வேண்டும் என்று அறிக்கை தந்தது. அதைக் கண்டு திருச்சபைகள் பல பதறின.

இந்தப் பதற்றத்தின் நடுவேதான் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரிடம் மாநாட்டுக்கென ஒரு நூல் எழுதித் தரும்படி கேட்டார்கள். அவர் ஜாவாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், இஸ்லாத்தைக் கற்றவர். பிற சமயம் அறியாத ஐரோப்பியர் அல்லர். அவர் நூலின் சாரம் இது: சமயங்கள் அனைத்தும் மனிதரின் முயற்சிகள், கிறிஸ்துவில் நிகழ்ந்த வெளிப்பாடு அவற்றின் தொடர்ச்சி அன்று, நிறைவும் அன்று, முற்றிலும் வேறானது. வரலாற்றில் நாம் காணும் கிறித்தவ மதமும் அந்த வெளிப்பாட்டின் தீர்ப்புக்கு உட்பட்டதே என்றும் அவர் எழுதியிருந்தார். கிரேமரை மேற்கோள் காட்டுவோர் இந்தப் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அவரை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் அதே கல்லூரியில் தத்துவம் கற்பித்து முதல்வராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஏ. ஜி. ஹாக். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவருடைய மாணவர். ஒரு மதத்தின் கோட்பாட்டு அமைப்பு வேறு, அந்த மதத்தில் நின்றபடி கடவுளைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதரின் நம்பிக்கை வேறு என்று ஹாக் பிரித்துக் காட்டினார். அந்த நம்பிக்கையை வெறும் மனிதத் தேடல் என்று எப்படித் தள்ளுவது? அந்தப் பக்கமிருந்தும் கடவுள் பதில் தந்திருக்கக் கூடாதா? தினமும் இந்து மாணவர்களின் முகம் பார்த்துப் பாடம் நடத்தியவரிடமிருந்து இந்தக் கேள்வி பிறந்ததில் வியப்பில்லை. சென்னையிலேயே பி. சென்சையா, வி. சக்கரை முதலியோர் அடங்கிய குழு, இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்வது குறித்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றை அதே 1938இல் வெளியிட்டுக் கிரேமருக்குப் பதில் சொன்னது. இருவரும் இந்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இந்து மரபைத் தாங்கள் கிணற்றில் போட்டுவிட்டு வரவில்லை என்பதே அவர்கள் வாதத்தின் அடிநாதம்.

வெளியே வேறொரு விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. இந்து சமயத்தை விட்டு விலகுவதாக 1935இல் அம்பேத்கர் அறிவித்த பின், ஒடுக்கப்பட்ட மக்களின் மதமாற்றம் அரசியல் கேள்வியாகிவிட்டது. மிஷனரிகள் ஏழைகளின் நலிவைப் பயன்படுத்துகிறார்கள் என்று காந்தி ‘ஹரிஜன்’ இதழில் கடுமையாக எழுதினார். தோர்ணக்கல்லில் ஆயிரக்கணக்கான தலித் மக்கள் திருச்சபையில் சேர்ந்ததைக் கண்முன் கண்ட அசரியாவுக்கு அது ஏற்கத்தக்கதாக இல்லை. அந்த மக்கள் தாமாக முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்ற எண்ணம் அந்தக் குற்றச்சாட்டுக்குள் ஒளிந்திருந்தது. கிரேமர்–ஹாக் சர்ச்சையை மட்டும் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. சகிப்புத்தன்மை என்பது படித்தவர்களின் தத்துவ உரையாடலோடு முடிந்துவிடுவதில்லை.

மாநாட்டின் அறிக்கை இழுபறியை மறைக்கவில்லை. பிற சமயங்களில் ஆழ்ந்த பக்தி அனுபவமும் உயர்ந்த அறமும் உண்டு என்று அது ஏற்றது. அந்தச் சமயங்களை முழு அமைப்புகளாகக் கடவுளின் வெளிப்பாடு என்று கொள்ளலாமா என்பதில் கிறித்தவர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. ஒரு சபை தன் கருத்து வேறுபாட்டைத் தானே அச்சேற்றுவது அபூர்வம். அந்த அறிக்கையின் மிக நேர்மையான இடம் இதுவே.

மாநாட்டில் இளைஞராகக் கலந்துகொண்ட யாழ்ப்பாணத் தமிழர் டி. டி. நைல்ஸ், சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்துடன் முன்பு நடந்த உரையாடலைப் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. பிற மதங்கள் அவநம்பிக்கையே என்று பார்த் சொன்னார். எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை என்றார் பார்த். பிறகு எப்படித் தெரியும்? சந்திக்காமலேயே, கொள்கையளவில் தெரியும் என்று பதில் வந்தது. நைல்ஸ் தலையை அசைத்துச் சிரித்தாராம்.

உலகத் திருச்சபைகளின் மன்றம் 1971இல் சமய உரையாடலுக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானவர் கர்நாடகத்தின் ஸ்டான்லி சமர்த்தா. பின்னர் அந்தப் பொறுப்பை ஏற்றவர் இலங்கைத் தமிழரான வெஸ்லி அரியராஜா. 1988 ஜனவரியில் மாநாட்டின் பொன்விழாவுக்கு அதே வளாகத்தில் மீண்டும் கூடினார்கள். முன்பு சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் கிரேமரின் பக்கம் நின்று பேசினார். அரியராஜா ஹாக்கின் பக்கம் சாய்ந்தார். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் கோடு அதே இடத்தில்தான் இருந்தது.

2011இல் உலகத் திருச்சபைகளின் மன்றம், வத்திக்கான், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் கூடி, பிற சமயத்தாரிடையே கிறிஸ்துவுக்குச் சாட்சி சொல்வதற்கான ஒழுங்குகளை வெளியிட்டன. ஆசை காட்டியோ பணம் கொடுத்தோ ஆள் சேர்க்கக் கூடாது, வறியவரின் நெருக்கடியைப் பயன்படுத்தக் கூடாது, பிற சமயத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பவை அதில் உள்ளன. இது இறையியல் அறிக்கை அன்று என்று அந்த ஆவணமே முன்னுரையில் சொல்லிவிடுகிறது. ஹாக் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.