பால்புதுமையினர் புனைகதைப் பட்டியல்கள்: அமெரிக்க வாசகர்கள் தங்கள் கதைகளைத் தேடிய வரலாறு

தன்பாலீர்ப்பு கொண்ட பெண்கள், ஆண்கள், இருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோரைக் கதைமாந்தராகக் கொண்ட நாவல்களையும் சிறுகதைகளையும் தொகுத்து வாசகருக்குப் பரிந்துரைப்பது இன்று அமெரிக்க நூலகங்களின் வழக்கமான பணிகளில் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை இப்படி இல்லை. இத்தகைய நூல் வேண்டுமென்று நூலகரிடம் கேட்பதே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். தன்பாலீர்ப்பினர் என்று தெரிந்தால் வேலையையும் குடும்பத்தையும் இழக்க நேர்ந்த காலம் அது. அந்த நிலையில் சில வாசகர்களும் நூலகர்களும் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய பட்டியல்கள், பின்னாளில் விருதுகளாகவும் நூலக அமைப்புகளின் பணியாகவும் வளர்ந்தன.

தேடலின் பின்னணி

ஆங்கிலத்தில் தன்பாலீர்ப்பு கொண்ட பெண்ணைப் பற்றி அதிகம் அறியப்பட்ட நாவல் ராட்க்ளிஃப் ஹால் எழுதிய 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' (தனிமையின் கிணறு). 1928ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனில் வெளியான இந்நாவல், அதே ஆண்டு நவம்பரில் ஆபாச நூல் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டது. பிரதிகளை அழிக்கவும் உத்தரவிடப்பட்டது. அமெரிக்காவில் 1929இல் நடந்த வழக்கில் நாவல் தப்பியது. பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க வாசகர்களின் கைக்கு எட்டிய ஒரே நூலாகப் பெரும்பாலும் இதுவே இருந்தது. நாயகி தன் காதலியை இழந்து தனித்து நிற்பதோடு கதை முடிகிறது.

1949இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பார்பரா கிட்டிங்ஸ் (1932–2007), தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகங்களில் தேடத் தொடங்கினார். வகுப்புகளைவிட நூலகத்தில் அதிக நேரம் செலவிட்டதால் முதலாண்டிலேயே படிப்பு நின்றுபோனது. அவருக்குக் கிடைத்தவை மருத்துவ நூல்களும் உளவியல் நூல்களும்தான். அவை தன்பாலீர்ப்பை நோயாகவும் பிறழ்வாகவும் விவரித்தன. மனிதர்களாக வாழ்ந்து காதலித்த கதைமாந்தரை அவர் பின்னர் புனைகதைகளில்தான் கண்டார். இந்த அனுபவமே 20 ஆண்டுகளுக்குப் பின் அவரை நூலகர்களின் அமைப்புக்குள் கொண்டுவந்தது.

சோக முடிவும் அஞ்சல் துறையும்

1950களில் மலிவு விலைக் காகித அட்டைப் பதிப்புகள் மருந்துக் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் விற்பனைக்கு வந்தன. தன்பாலீர்ப்புப் பெண்களைப் பற்றிய நாவல்கள் இவ்வடிவில் இலட்சக்கணக்கில் விற்றன. மரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதிய 'ஸ்பிரிங் ஃபயர்' (1952) அவற்றில் முன்னோடியானது. கதை மகிழ்ச்சியாக முடியக்கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே நிபந்தனை விதித்தார். அக்காலத்தில் ஆபாசம் எனக் கருதப்படும் நூல்களை அஞ்சல் துறை பறிமுதல் செய்ய முடியும். இத்தகைய உறவை நல்லதாகக் காட்டும் நூல் அந்த ஆபத்துக்கு உள்ளாகும் என்பது அவரது அச்சம். எனவே நாவலில் ஒரு பெண் மனநல மருத்துவமனைக்குச் செல்கிறாள். மற்றவள் தான் அவளை உண்மையில் காதலிக்கவே இல்லை என்று முடிவு செய்கிறாள். இந்தக் காலத்து நாவல்கள் பலவற்றில் தற்கொலையும் மனநோயும் திருமணத்துக்குத் திரும்புதலும் மீண்டும் மீண்டும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே 1952இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் பாட்ரிசியா ஹைஸ்மித் வெளியிட்ட 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' (உப்பின் விலை) இதற்கு விலக்காக அமைந்தது. கடைப் பணியாளரான இளம்பெண் தெரீஸும், மணவிலக்கு பெறும் கேரலும் இணைந்து வாழும் நம்பிக்கையோடு கதை நிறைவடைகிறது. மறு ஆண்டு மலிவுப் பதிப்பு வந்தபின் ஆசிரியருக்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. தங்களைப் போன்றவர்கள் கதையின் இறுதியில் உயிரோடும் சேர்ந்தும் இருப்பதைப் பலர் முதன்முறையாகப் படித்திருந்தனர். ஹைஸ்மித் தன் சொந்தப் பெயரில் இந்நாவலை வெளியிட மேலும் 38 ஆண்டுகள் ஆயின. 1990இல் 'கேரல்' என்ற தலைப்பில் அது மறுபதிப்பு கண்டது.

சட்டத்தின் பிடி தளரக் காரணமான வழக்கிலும் ஒரு சிறுகதை இருந்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வெளிவந்த தன்பாலீர்ப்பினரின் 'ஒன்' இதழின் 1954 அக்டோபர் வெளியீட்டை அஞ்சல் துறை தடுத்துவைத்தது. அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று அதில் வந்திருந்த, இரு பெண்களின் காதலைப் பற்றிய சிறுகதை. கதையில் இளம்பெண் ஓர் ஆணை மணக்கும் வாய்ப்பை விடுத்துத் தான் நேசிக்கும் பெண்ணையே தேர்ந்தெடுக்கிறாள். கீழமை நீதிமன்றங்கள் இதழை ஆபாசம் என்றன. 1958 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தன்பாலீர்ப்பைப் பற்றி எழுதுவதாலேயே ஓர் எழுத்து ஆபாசமாகிவிடாது என்ற நிலை அதன்பின் உருவானது.

ஒரு நூலகரின் தேடல்

இத்தகைய நூல்களை முதன்முதலில் முறையாகத் தொகுத்தவர் ஜேனட் ஹோவர்ட் ஃபாஸ்டர் (1895–1981). சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சியின் நிறுவனத்தில் 1948 முதல் 1952 வரை நூலகராகப் பணியாற்றினார். கல்லூரியில் படித்தபோது மாணவர் மன்றத்தில் இரு மாணவியர் மீது ஒழுக்கம் தொடர்பான குற்றச்சாட்டு ஒன்று விசாரிக்கப்பட்டது. மன்ற உறுப்பினராக இருந்தும் குற்றம் என்னவென்று ஃபாஸ்டருக்குப் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள நூலகத்துக்குச் சென்றதில் தொடங்கிய தேடல் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பண்டைக் கிரேக்கக் கவிஞர் சாஃபோ முதல் தன் காலம் வரையிலான 300க்கும் மேற்பட்ட படைப்புகளை அவர் ஆராய்ந்தார். 'செக்ஸ் வேரியண்ட் விமன் இன் லிட்ரேச்சர்' என்ற அந்த நூலை 1956இல் தன் சொந்தச் செலவில் வெளியிட்டார். ஆய்வாக எழுதப்பட்டாலும், எந்த நூலைத் தேடுவது என்று தெரியாதிருந்த வாசகர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று.

ஏணி இதழும் நட்சத்திரக் குறிகளும்

1955இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்', அமெரிக்காவில் தன்பாலீர்ப்புப் பெண்களுக்கான முதல் அமைப்பு. மறு ஆண்டு அக்டோபரில் அது 'தி லேடர்' (ஏணி) என்ற இதழைத் தொடங்கியது. தம் பெயர் முகவரிப் பட்டியலில் இருப்பதையே வாசகர்கள் அஞ்சினர். பெயர்கள் பாதுகாப்பாக உள்ளன என்று இரண்டாம் இதழிலேயே உறுதியளிக்க வேண்டியிருந்தது.

இவ்விதழில் 'லெஸ்பியானா' என்ற நூல் மதிப்புரைப் பகுதியை ஜீன் டேமன் என்ற புனைபெயரில் எழுதியவர் பார்பரா கிரியர் (1933–2011). கான்சஸ் சிட்டியில் வாழ்ந்த இவர் பழைய புத்தகக் கடைகளிலும் பதிப்பகங்களின் அறிவிப்புகளிலும் தேடி, கண்ட ஒவ்வொரு நூலையும் குறித்துவைத்தார். 1967இல் மற்றொருவருடன் இணைந்து 'தி லெஸ்பியன் இன் லிட்ரேச்சர்' என்ற நூற்பட்டியலை வெளியிட்டார்.

இப்பட்டியலின் குறியீட்டு முறை எளிமையானது. தன்பாலீர்ப்புப் பெண் முதன்மைப் பாத்திரமாக வரும் நூலுக்கு 'ஏ', துணைப் பாத்திரமாக வருவதற்கு 'பி', மறைமுகமாக மட்டும் உணர்த்தப்படுவதற்கு 'சி' என்று எழுத்துகள் இடப்பட்டன. தரமான நூல்களுக்கு நட்சத்திரக் குறிகள் தரப்பட்டன. ஆண் வாசகரின் கிளர்ச்சிக்காக எழுதப்பட்ட குப்பைகளைக் குறிக்கத் தனி எழுத்து இருந்தது. குறைந்த வருமானத்தில் இரகசியமாக நூல் வாங்கிய ஒருவருக்கு எதில் பணத்தைச் செலவிடலாம் என்பதை இக்குறிகள் சொல்லின. கிரியர் 1973இல் மூன்று பெண்களுடன் சேர்ந்து நயாட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். ஃபாஸ்டரின் நூலை அப்பதிப்பகம் 1985இல் மறுபதிப்பு செய்தது. கிரியரும் அவரது துணைவர் டோனா மெக்பிரைடும் சேர்த்த நூல்தொகுப்பு பின்னர் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்துக்கு வழங்கப்பட்டது.

நூலகச் சங்கத்துக்குள்

1970இல் டெட்ராய்ட் நகரில் கூடிய அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் தன்பாலீர்ப்பினர் விடுதலைக்கான பணிக்குழு உருவானது. ஒரு தொழில்முறைச் சங்கத்துக்குள் அமைந்த இத்தகைய முதல் குழு இதுவே. இஸ்ரேல் ஃபிஷ்மன் முதல் ஒருங்கிணைப்பாளரானார். நூலகராக இல்லாதபோதும் கிட்டிங்ஸ் இக்குழுவில் சேர்ந்து, 1971 முதல் 15 ஆண்டுகள் அதை வழிநடத்தினார்.

குழுவின் முதல் பணிகளில் ஒன்று நூற்பட்டியல் தயாரித்தது. முதல் பதிப்பில் 40க்கும் குறைவான பதிவுகளே இருந்தன. 1980இல் வந்த ஆறாம் பதிப்பில் அவை 500ஐத் தாண்டின. குழு முன்வைத்த கோரிக்கைகளின் தொடர்ச்சியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1972இல் தன் வகைப்பாட்டைத் திருத்தியது. அதுவரை தன்பாலீர்ப்பு பற்றிய நூல்கள் 'இயல்புக்கு மாறான பாலுறவுகள்' என்ற தலைப்பின்கீழ் பாலியல் குற்றங்களோடு அடுக்கப்பட்டிருந்தன.

1971இல் குழு ஒரு விருதையும் ஏற்படுத்தியது. முதல் விருது இசபெல் மில்லர் என்ற புனைபெயரில் அல்மா ரௌட்சாங் எழுதிய 'எ பிளேஸ் ஃபார் அஸ்' (நமக்கென ஓர் இடம்) நாவலுக்குக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் தன் தோழியுடன் வாழ்ந்த ஓவியர் மேரி ஆன் வில்சனின் வாழ்விலிருந்து பிறந்த கதை அது. இரு பெண்கள் நிலம் வாங்கி, வீடு அமைத்து, சேர்ந்து வாழ்கின்றனர். 1969இல் ரௌட்சாங் இதைத் தானே அச்சிட்டு, தெருமுனைகளிலும் பெண்கள் கூட்டங்களிலும் விற்றுவந்தார். பின்னர் ஒரு பெரிய பதிப்பகம் 'பேஷன்ஸ் அண்ட் சாரா' என்ற பெயரில் இந்நாவலை வெளியிட்டது. 1974இல் இதே விருது ஃபாஸ்டரின் நூலுக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு 78 வயது. 1986இல் நூலகச் சங்கம் இதைத் தன் அதிகாரபூர்வ விருதாக ஏற்றது. இன்று இது ஸ்டோன்வால் நூல் விருது என அறியப்படுகிறது.

இளையோருக்கான நாவல்கள்

ஜான் டோனவன் 1969இல் எழுதிய நாவல், தன்பாலீர்ப்பைப் பேசிய முதல் அமெரிக்க இளையோர் நாவலாகக் கருதப்படுகிறது. அதில் இரு சிறுவர்கள் முத்தமிட்டுக்கொள்கின்றனர். அதன்பின் நாயகனின் செல்ல நாய் காரில் அடிபட்டு இறக்க, அதைத் தனக்குக் கிடைத்த தண்டனையாக அவன் எண்ணுகிறான். தொடர்ந்து வந்த இளையோர் நாவல்களிலும் விபத்துகளும் மரணங்களும் வந்தன. 1976இல் பணிக்குழுவோடு தொடர்புடைய இருவர் நூலக இதழ் ஒன்றில் இப்போக்கை விமர்சித்து எழுதினர்.

நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' (1982) இந்த வழக்கத்தை முறித்தது. நியூயார்க்கில் வாழும் பதினேழு வயது லைசாவும் ஆனியும் காதலிக்கின்றனர். பள்ளியின் விசாரணையைத் தாண்டி இறுதியில் மீண்டும் இணைகின்றனர். லைசா வீட்டிலுள்ள கலைக்களஞ்சியத்தில் தன்பாலீர்ப்பு பற்றிய கட்டுரையைத் தேடிப் படிக்கும் இடம் ஒன்று நாவலில் உண்டு. நீண்ட அக்கட்டுரையில் காதல் என்ற சொல்லே இல்லாததை அவள் கவனிக்கிறாள். ஆசிரியைகள் வீட்டின் புத்தக அடுக்கில் அவள் காணும் நூல்களில் 'பேஷன்ஸ் அண்ட் சாரா'வும் ஒன்று.

1993இல் கான்சஸ் சிட்டிப் பகுதியின் 42 உயர்நிலைப் பள்ளிகளுக்கு இந்நாவல் நன்கொடையாக அளிக்கப்பட்டபோது, எதிர்ப்பாளர்கள் ஒரு பிரதியைப் பொதுவில் எரித்தனர். ஓலேத்தா நகரின் பள்ளி நிர்வாகம் நூலகத்தில் ஏற்கெனவே இருந்த பிரதியையும் அகற்றியது. மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடர்ந்தனர். நூலின் கருத்து பிடிக்காததால் அதை அகற்றுவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1995 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூல் அடுக்குக்குத் திரும்பியது.

பட்டியல்கள் விரிந்த விதம்

தொடக்கப் பட்டியல்களில் இருபாலீர்ப்பினருக்கும் திருநருக்கும் இடம் குறைவு. 1994இல் லெஸ்லி ஃபைன்பர்கின் 'ஸ்டோன் புட்ச் ப்ளூஸ்' என்ற நாவலுக்கு ஸ்டோன்வால் விருது கிடைத்தது. ஆண், பெண் என்ற எந்த வரையறைக்குள்ளும் அடங்காத ஆலைத் தொழிலாளியின் கதை அது. 2004இல் வந்த ஜூலி ஆன் பீட்டர்ஸின் 'லூனா', திருநங்கையான தன் உடன்பிறப்பைப் பற்றி ஒரு சிறுமி சொல்லும் இளையோர் நாவல்.

1989இல் தொடங்கிய லாம்டா இலக்கிய விருதுகள் மற்றொரு பரிந்துரை மரபை உருவாக்கின. 1996இல் இவ்விருதைப் பெற்ற நாவல்களுள் இலங்கையில் பிறந்த ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) ஒன்று. கொழும்பில் வளரும் ஆர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன் தன் ஈர்ப்பை உணரும் ஆண்டுகளும், 1983 இனக்கலவரத்தில் அவன் குடும்பம் வீட்டை இழப்பதும் இந்நாவலில் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன.

2008 முதல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்குமான 'ரெயின்போ' நூற்பட்டியலை வெளியிட்டுவருகிறது. எதிர்ப்பும் ஓயவில்லை. திருநங்கைச் சிறுமியைப் பற்றி அலெக்ஸ் ஜினோ எழுதிய சிறுவர் நாவல், 2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகளும் நூலகங்களிலிருந்து அகற்றக் கோரப்பட்ட நூல்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. சங்கம் இவ்விரு வகைப் பட்டியல்களையும் தயாரிக்கிறது. பல நூல்கள் இரண்டிலும் இடம்பெறுகின்றன.

ஃபாஸ்டரும் கிரியரும் கிட்டிங்ஸும் ஒரு நூலைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இன்றைய தேர்வுக் குழுக்களுக்கும் பயன்படுகின்றன. கதைமாந்தர் உண்மையில் அக்கதையில் இருக்கிறாரா, எழுத்து தரமானதா, அவர் தண்டிக்கப்படுவதற்காகவே படைக்கப்பட்டாரா என்பவை அவை. 1949இல் கிட்டிங்ஸ் தேடிய அலமாரிகளில் இக்கேள்விகளை எழுப்பக்கூட நூல்கள் இருக்கவில்லை.