பெயர் மறைத்த எழுத்தும் அரசின் கட்டுப்பாடும்

எழுதுபவன் தன் பெயரை வெளியிட்டே எழுத வேண்டும் என அரசு கட்டளையிடலாமா என்னும் வினா இணையத்தோடு பிறந்ததன்று. அச்சியந்திரம் ஐரோப்பாவிற் பரவிய காலந்தொட்டே ஆட்சியாளரையும் எழுத்தாளரையும் எதிரெதிரே நிறுத்திய வினா அது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் மாறியுள்ள இக்காலத்தில் அது புதிய வேகத்தோடு எழுந்துள்ளது. பெயரை மறைத்து அவதூறு செய்வோரை அடக்கச் சட்டம் வேண்டும் என்பர் ஒரு சாரார். அச்சட்டம் அரசைக் கண்டிப்போரின் வாயையே முதலில் அடைக்கும் என்பர் மறுசாரார். இரு சாராரும் பெரும்பாலும் ஊகத்தையே துணைக்கொள்கின்றனர். ஆயின், இவ்விடயத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்த சோதனைகள் உள. அவற்றுள் இங்கிலாந்தினதும் தென் கொரியாவினதும் அனுபவங்களை நோக்கி, அவை நமக்கு உணர்த்துவது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1637ஆம் ஆண்டில் முதலாம் சாள்ஸ் மன்னனின் நட்சத்திர மன்றம் அச்சுத் தொழில் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நூலும் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்பதோடு, அச்சிடுவோன் தன் பெயரையும் நூலாசிரியனின் பெயரையும் அதிற் பொறிக்கவேண்டும் என்றும் அவ்வாணை விதித்தது. திருச்சபைத் தலைமையைக் கண்டித்து எழுதியமைக்காகப் பிறின், பேட்டன், பாஸ்ற்விக் ஆகிய மூவரின் காதுகள் அறுக்கப்பட்டதும் அதே ஆண்டிலேயே. பெயர் கேட்ட அரசு அப்பெயரை எதற்காகக் கேட்டது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

1641இல் நட்சத்திர மன்றம் ஒழிக்கப்பட்டது. ஆனால் மன்னனை எதிர்த்த பாராளுமன்றமே 1643இல் முன்னனுமதி முறையை மீண்டும் கொணர்ந்தது. அதனைக் கண்டித்து மில்ற்றன் 1644இல் அனுமதி பெறாமலே 'அரியோபாகிற்றிக்கா'வை வெளியிட்டார். எழுத்துச் சுதந்திரத்தின் சாசனமாகப் போற்றப்படும் அந்நூலில் பலர் கவனியாது விடும் ஒரு குறிப்பு உண்டு. ஆசிரியன், அச்சிடுவோன் ஆகிய இருவரின் பெயரையும், அன்றேல் அச்சிடுவோனின் பெயரையாவது பதிவு செய்யவேண்டும் என்னும் முந்திய ஒழுங்கை மில்ற்றன் ஏற்றுக்கொள்கிறார். எழுத்து வெளிவருமுன் அதனைத் தடுப்பதை எதிர்த்த அவர், வெளிவந்த எழுத்துக்கு எவரேனும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை.

முன்னனுமதிச் சட்டம் 1695இற் காலாவதியாயிற்று. அதன் பின் வந்த நூற்றாண்டில் இப்பொறுப்பு எவ்வாறு இயங்கியது என்பதற்கு 'யூனியஸ்' கடிதங்கள் தக்க சான்றாகும். 1769 முதல் 1772 வரை இலண்டனின் பத்திரிகையொன்றில் அப்புனைபெயரில் வெளியான கடிதங்கள் அமைச்சர்களையும் ஈற்றில் மன்னனையுமே கடுமையாகச் சாடின. எழுதியவர் சிக்கவில்லை. பிலிப் பிரான்சிஸ் என்பவரே அவர் எனப் பலர் கருதினும் அது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. அரசு அச்சிட்ட வூட்போலை 1770இல் நீதிமன்றத்தில் நிறுத்தியது. யூரிமாரோ, அவர் 'அச்சிட்டு வெளியிட்ட குற்றத்தை மட்டுமே' செய்தார் எனத் தீர்ப்புரைத்து, அவதூறு என்ற குற்றத்தை ஏற்காது விட்டனர். இவ்வழக்குப் போன்றவற்றால் எழுந்த வாதத்தின் முடிவாகவே, ஓர் எழுத்து அவதூறா அன்றா என முடிவுசெய்யும் உரிமையை 1792ஆம் ஆண்டுச் சட்டம் யூரிமாருக்கு அளித்தது. எழுதியவன் மறைந்திருந்தபோதும் வெளியிட்டவன் மறையவில்லை; குற்றத்தை முடிவுசெய்யும் அதிகாரமும் மெல்ல மெல்ல ஆட்சியாளரின் கையை விட்டு நீங்கியது.

இணைய யுகத்தில் இவ்வினாவை நேரடியாகச் சோதித்துப் பார்த்த நாடு தென் கொரியா. இணையம் மிக விரைவாகப் பரவிய அந்நாட்டில் அவதூறும் அதே வேகத்திற் பரவியது. எனவே 2007 யூலையில் 'மெய்ப்பெயர் முறை' நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வரும் தளங்களிற் கருத்து எழுதுவோர் முதலில் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். திரையிற் புனைபெயரைப் பயன்படுத்தலாம். ஆயின் உண்மைப் பெயர் தளத்தை நடத்துவோரிடம் இருக்கும். 2009இல் இவ்வெல்லை 1 இலட்சமாகக் குறைக்கப்பட்டது.

இம்முறை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2008 அக்டோபரில், வதந்திகளால் அலைக்கழிக்கப்பட்ட புகழ்பெற்ற நடிகை ஒருவர் உயிர் துறந்தார். மெய்ப்பெயர் முறை அப்போது ஓராண்டைக் கடந்திருந்தது. மறுபுறம், 'மினேர்வா' என்ற புனைபெயரிற் பொருளாதார நெருக்கடி பற்றி எழுதி அரசின் கொள்கையைக் குறைகூறியவர் பொய்ச்செய்தி பரப்பியதாக 2009 சனவரியிற் கைதுசெய்யப்பட்டு ஏப்ரிலில் விடுதலையானார். அவரைக் குற்றஞ்சாட்டப் பயன்பட்ட சட்டவிதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 டிசம்பரில் நீக்கியது. 2011 யூலையில் ஒரு பெருநிறுவனத்தின் தளங்களிலிருந்து ஏறத்தாழ 3 கோடி 50 இலட்சம் பயனாளரின் விபரங்கள் திருடப்பட்டன. அவதூறிலிருந்து மக்களைக் காக்கத் திரட்டச் சொன்ன பெயர்களும் இலக்கங்களும் திருடருக்குரிய களஞ்சியமாயின.

2012 ஓகஸ்ட் 23ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் மெய்ப்பெயர் முறையை ஒருமனதாக நீக்கியது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தமைக்குச் சான்றில்லை என்பதும், பயனாளர் வெளிநாட்டுத் தளங்களை நாடிச் சென்றனர் என்பதும் அதன் காரணங்களுட் சிலவாகும். கருத்துச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் தான் காக்கும் நன்மையைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம் எனலாம். தேர்தற் காலத்துக்கென இருந்த இத்தகைய விதியும் 2021 சனவரியில் நீக்கப்பட்டது.

இவ்வனுபவம் நமக்கு அயலானதன்று. 2018இல் அம்பாறையிலும் திகனையிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல்கள் நிகழ்ந்தபோது, உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற பொய் இணையம் வழியே பரவியது. அரசு சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கிற்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும் அவ்வாறே செய்தது. பொய்யுரை உயிரையும் உடைமையையும் அழிக்க வல்லது என்பதை இந்நாட்டில் எவரும் மறுக்கமுடியாது. ஆயினும் ஒன்றை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 2018இல் வெறுப்பை மூட்டியோருட் சிலர் தம் முகத்தையும் குரலையும் மறைக்காமலே காணொளிகளில் தோன்றினர். தண்டனை பற்றிய அச்சம் இல்லாதவனுக்குப் பெயரை மறைக்கும் தேவை இல்லை. அவ்வச்சம் உண்மையில் யாருக்கு உண்டு? மேலதிகாரியின் ஊழலை அறிந்த எழுதுவினைஞருக்கும், பகிடிவதைக்கு உள்ளான மாணவருக்கும், தம் சமூகத்தின் பெரும்பான்மைக் கருத்தை ஏற்காதவருக்கும் உண்டு. பெயரை நீக்கினால் முதலில் மௌனமாவோர் இவர்களே.

2024 சனவரியில் நமது பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து உறுப்பினர் கொண்ட ஆணைக்குழுவொன்றை நிறுவி, தடைசெய்யப்பட்ட கூற்றெனத் தான் கருதுவதை அகற்றுமாறு அறிவித்தல் கொடுக்கும் அதிகாரத்தை அது அவ்வாணைக்குழுவிற்கு வழங்கிற்று. எது பொய் என முடிவுசெய்வோர் யார் என்னும் வினாவே அச்சட்டம் பற்றிய விவாதத்தின் நடுவில் நின்றது. வூட்போல் வழக்கில் யூரிமார் எதிர்கொண்ட வினாவும் ஏறத்தாழ இதுவேயாகும்.

அவ்வாறாயின் கட்டுப்பாடே வேண்டாமா? பாதிக்கப்பட்டவருக்கு அவ்விடை நீதியாகாது. பெயர் தெரியாத ஒருவரால் இழிவுபடுத்தப்பட்ட பெண்ணிடம் எழுத்துச் சுதந்திரத்தின் பெருமையை மட்டும் பேசுவது கொடுமையாகும். அவர் நீதிமன்றத்தை நாடவும், முறைப்பாட்டில் அடிப்படை உண்டெனக் கண்டால் அக்குறித்த எழுத்தை எழுதியவரின் அடையாளத்தை வெளிப்படுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிடவும் வழி இருக்கவேண்டும். அன்றைய அச்சகத்தாரின் இடத்தில் இன்று நிற்கும் பெருநிறுவனங்களும் தம் பொறுப்பிலிருந்து நழுவக்கூடாது. 2018 நிகழ்வுகளில் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. பொய் பரவும் வேளையில், நம் மொழிகளை அறிந்தோரைக் கொண்டு அது செயற்பட்டிருப்பின் அவ்வருத்தத்திற்குத் தேவை இருந்திராது.

ஆக, நிகழ்ந்த குற்றத்துக்காக ஒருவரின் பெயரை நீதிமன்றம் கேட்பது வேறு; நிகழக்கூடிய குற்றத்துக்காக எல்லோர் பெயரையும் அரசு முன்கூட்டியே திரட்டுவது வேறு. முன்னையது நீதி. பின்னையது 1637இலும் 2007இலும் முயன்று பார்க்கப்பட்டது. அது அவதூறை ஒழித்ததாக வரலாறு காட்டவில்லை. சட்டம் இயற்றுவோரும் அதனை விமர்சிக்கும் பல்கலைக்கழகச் சமூகமும் இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.