மாலை, மோதிரம், தாலி: 7அ பிரிவும் தன்பாலினத் திருமண விவாதமும்

சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தார்கள். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதிலும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தன்பாலின இணையருக்கும் பொருந்தும்படி வாசிக்க முடியாது என்பதிலும் ஐவரும் ஒன்றுபட்டார்கள். இணைவாழ்வு உரிமை, தத்தெடுப்பு ஆகியவற்றில் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்றார்கள். இவை வாசகர் அறிந்தவை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது பெரும்பான்மைத் தரப்பில் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தமக்கும் நீதிபதி ஹிமா கோலிக்குமாக எழுதிய தீர்ப்புரையை, அதிலும் அவர் திருமணத்தின் வரலாற்றை வாசித்த விதத்தை மட்டும். அந்த வாசிப்பு சென்னை மாகாணத்தின் திருமண வரலாற்றோடு பொருந்தவில்லை என்பது என் வாதம்.

நீதிபதி பட்டின் வாசிப்பைச் சுருக்கினால் இப்படி வரும். திருமணம் அரசு தோன்றுவதற்கு முன்பே இருந்த சமூக நிறுவனம். அதன் விதிகளில் பெரும்பகுதி சமயத்திலிருந்தும் வழக்கத்திலிருந்தும் வந்தவை. அரசு அதை ஒழுங்குபடுத்தியது, சீர்திருத்தியது, ஆனால் படைக்கவில்லை. ஏற்கெனவே நிலவும் ஒரு நிறுவனத்தில் நுழைய விடாமல் தடுத்தால் நீதிமன்றம் தலையிடலாம். நிலவாத ஒன்றை நிறுவித் தரும்படி அரசுக்கு அது ஆணையிட முடியாது. அப்படி நிறுவுவது சட்டமன்றங்களின் வேலை. இதைச் சொல்லும்போதே தன்பாலின இணையர் சேர்ந்து வாழவும் துணையைத் தேர்ந்துகொள்ளவும் உள்ள உரிமையை அவர் ஏற்றுக்கொள்கிறார். ஆகவே அவரை வெறுப்பின் குரல் என்று ஒதுக்குவது நியாயம் ஆகாது. இந்த விவாதத்தில் மறுதரப்பிலிருந்து வந்த மிக ஒழுங்கான வாதம் அவருடையதுதான். அதனால்தான் அதற்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன்.

இந்த வாதம் ஒரு காலவரிசையை நம்பி நிற்கிறது. முதலில் சமூகம் ஒரு திருமண முறையை உண்டாக்கும், அது நிலைபெறும், பிறகு சட்டம் வந்து அதைக் கண்டுகொள்ளும் என்பதே அந்த வரிசை. 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வரிசை குலைந்துவிட்டது. பிரம்ம சமாஜத்தார் தங்கள் புதிய முறையில் செய்துகொண்ட திருமணங்கள் செல்லுமா என்ற ஐயம் எழுந்தபோது, ஹென்றி மெய்ன் 1868-இல் கொண்டுவந்த முன்வரைவு பல எதிர்ப்புகளைத் தாண்டி 1872-இல் மூன்றாம் சட்டமாயிற்று. அதன்படி மணக்க விரும்புவோர் தாங்கள் இந்து, இஸ்லாம், கிறித்துவம் முதலிய எந்தச் சமயத்தையும் பின்பற்றவில்லை என்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. பதிவாளர் முன்னிலையில் எந்தச் சமயமும் சாராமல் நடக்கும் அந்தத் திருமணம் இந்திய மண்ணில் சட்டத்துக்கு முன் எங்கும் நிலவியதில்லை. அதை அரசுதான் படைத்தது. 1954 சட்டம் இதன் வாரிசு. சுப்ரியோ வழக்கில் ஆராயப்பட்ட அதே சட்டம் அரசு படைத்த திருமணத்தின் சட்டம் என்பதற்கு நீதிபதி பட்டின் வாசிப்பில் உரிய எடை கிடைக்கவில்லை.

ஆனால் இதைவிட வலுவான சான்று சுயமரியாதைத் திருமணம். அதன் பின்னணி தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. சுயமரியாதை இயக்கம் தன் முதல் திருமணமாக எண்ணுவது அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928-இல் நடந்ததை. ‘முதல்’ என்ற அந்த அடையாளத்தை ஓர் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். புரோகிதரைத் தவிர்த்த திருமணங்கள் அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன. எந்த அம்சம் சேர்ந்தால் ஒரு திருமணம் ‘சுயமரியாதைத் திருமணம்’ ஆகிறது என்பதைப் பொறுத்துத் தொடக்க ஆண்டு மாறும். இங்கே அந்த ஆண்டை அறுதியிட வேண்டிய தேவை இல்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும், இத்தகைய திருமணம் செல்லுமா என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தபோது இம்முறை இளமையானதாகவே இருந்தது. நீதிமன்றம் பிடித்துக்கொண்டதும் இந்த இளமையைத்தான்.

1954-இன் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், சுயமரியாதை முறையில் நடந்த திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாத்திரச் சடங்கு நடக்கவில்லை. வழக்கம் என்று கொள்ளலாமா என்றால் வழக்கத்துக்குத் தொன்மை வேண்டும், இதற்குத் தொன்மை இல்லை. ஒரு குழுவினர் கூடித் தமக்குத் தாமே புதிய திருமண முறையை வகுத்துக்கொண்டு அதற்குச் சட்டத் தகுதி கோர முடியாது. தீர்வு சட்டமன்றத்திடம்தான் இருக்கிறது. இந்த நான்கு படிகளையும் சுப்ரியோ தீர்ப்புரையின் படிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொன்மை என்ற சொல்லின் இடத்தில் ‘நிலவும் நிறுவனம்’ என்ற கருத்து வந்திருக்கிறது, மற்றபடி தர்க்கத்தின் எலும்புக்கூடு ஒன்றே. சட்டத்தை மாற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்று இரண்டு அமர்வுகளும் உண்மையாகவே நம்பின என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பால் செல்லாதவை ஆன திருமணங்கள் ஊரறிய நடந்தவை. அந்தத் தம்பதிகள் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள். சமூக நிறுவனமாக அது நிலவத்தான் செய்தது. நீதிமன்றம் கேட்டது நிலவுகிறதா என்றல்ல, எவ்வளவு காலமாக நிலவுகிறது என்று. நிறுவனம் என்று ஒன்றை ஏற்க எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்ற கேள்விக்கு நீதிபதி பட்டின் தீர்ப்புரையிலும் விடை இல்லை.

சட்டமன்றம் விடை சொன்னது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967 நவம்பரில் சட்டமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. அது 1967-இன் 21-ஆம் சட்டம் என்று பெயர் பெற்றாலும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 1968 ஜனவரியில்தான்; நூல்களில் இரண்டு ஆண்டுகளும் மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு இப்படித்தான் சேர்ந்தது. அதன் வாசகத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். அரை நூற்றாண்டாகப் பலரும் எடுத்தாண்ட பிரிவுதான், எனினும் அதன் உட்பிரிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்று கருதுகிறேன்.

பிரிவு ‘எந்த இரண்டு இந்துக்களுக்கும்’ இடையே நடக்கும் திருமணத்துக்குப் பொருந்தும் என்று தொடங்குகிறது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மூன்று வழிகளில் ஒன்றால் திருமணம் நிறைவேறும். முதல் வழி உறுதிமொழி: ஒவ்வொருவரும் மற்றவரைத் தம் மனைவியாகவோ கணவராகவோ ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்வது. இரண்டாவது, ஒவ்வொருவரும் மற்றவருக்கு மாலை அணிவிப்பது அல்லது விரலில் மோதிரம் அணிவிப்பது. மூன்றாவது தாலி கட்டுவது. முதல் வழியில் கணவனும் மனைவியும் வருகிறார்கள். இரண்டாவதில் இருவரும் ‘தரப்பினர்’ மட்டுமே. ஆண் யார், பெண் யார் என்ற குறிப்பே இல்லை. மூன்றாவதில் தாலியை யார் யாருக்குக் கட்ட வேண்டும் என்பதும் எழுதப்படவில்லை.

இதற்கு முந்தைய 7-ஆம் பிரிவை அருகில் வைத்துப் படித்தால் வேறுபாடு தெளிவாகும். சப்தபதியை விளக்கும் இடத்தில் அப்பிரிவு மணமகனும் மணமகளும் சேர்ந்து அக்கினி முன் ஏழடி வைப்பது என்று பால் சுட்டிச் சொல்கிறது. 7அ பிரிவை எழுதியவர்களின் கண்முன் இந்த வாசகம் இருந்தது. மாலைக்கும் மோதிரத்துக்கும் வந்தபோது அவர்கள் மணமகன், மணமகள் என்ற சொற்களைப் பயன்படுத்தவில்லை. ஏன்?

இங்கே சான்று மெலிந்தது, அதனால் வாதத்தை இன்னும் இறுக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1967-இல் தன்பாலினத் திருமணத்தை யாரும் மனத்தில் வைத்திருக்கவில்லை. நான் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் சுயமரியாதைத் திருமணம் வைதிகத் திருமணத்திலிருந்து விலகியது புரோகிதர் விஷயத்தில் மட்டும் அல்ல. பெண்ணை ஒருவர் தானமாகக் கொடுக்க இன்னொருவர் பெற்றுக்கொள்வது என்ற அமைப்பையே பெரியார் மறுத்தார். அதற்குப் பதில் இருவரும் சமமாக ஒரே செயலைச் செய்வது, ஒரே சொல்லைச் சொல்வது என்ற ஒப்பந்த வடிவம் வந்தது. கொடுப்பவர், பெறுபவர், கொடுக்கப்படும் பொருள் என்று மூன்று இடங்கள் இருந்த சடங்கில், ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க இரண்டு இடங்கள் மட்டும் மிஞ்சின. பெண்ணின் சமத்துவத்துக்காகச் செய்த இந்த மாற்றம், திருமணச் செயலிலிருந்தே பாலை அகற்றிவிட்டது. அகற்றியவர்கள் எதிர்பார்த்திராத விளைவு இது. ஆனால் சட்ட வாசகம் எழுதியவரின் எதிர்பார்ப்போடு நின்றுவிடுவதில்லை.

இன்னொரு செய்தியும் இதற்குத் துணை. முதல் வரைவில் தாலி மற்றவற்றோடு ‘மற்றும்’ என்று சேர்க்கப்பட்டிருந்ததாகவும், பெரியாரின் யோசனைப்படி அது ‘அல்லது’ ஆனதாகவும் திராவிட இயக்க வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. வாய்மொழி மரபு என்ற அளவில்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையின் வாதம் இதை நம்பி இல்லை. நடைமுறையில் உள்ள வாசகத்தில் மூன்று வழிகளும் ‘அல்லது’ கொண்டுதான் இணைந்திருக்கின்றன, அது ஐயமற்றது. ஆகவே கணவன், மனைவி என்று சுட்டும் முதல் வழியைத் தொடாமலே இரண்டாவது வழியில் ஒரு திருமணம் முழுமையாக நிறைவேறும்.

எதிர்வாதம் இதே பிரிவுக்குள் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. 7அ பிரிவின்படி நடக்கும் திருமணம் சட்டத்தின் பிற பிரிவுகளுக்கு உட்பட்டே செல்லும். 5-ஆம் பிரிவும் இரண்டு இந்துக்கள் என்றே தொடங்கினாலும், வயது வரம்பு சொல்லும் இடத்தில் மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 என்று பிரிக்கிறது. இந்தச் சுவரில் ஒரு திறப்பை 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உண்டாக்கியது. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த, ஓர் ஆணுக்கும் திருநங்கைக்குமான திருமணத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். அருண்குமார் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள் என்பதற்கு ஒருகாலும் மாறாத பொருள் என்று ஒன்று கிடையாது, திருநங்கையும் அதில் அடங்குவார் என்று கூறிப் பதிவுக்கு உத்தரவிட்டார். இதை வைத்து 5-ஆம் பிரிவு முழுவதும் திறந்துவிட்டது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அத்தீர்ப்பு மணமகன், மணமகள் என்ற இணையை அப்படியே வைத்துக்கொண்டு மணமகளின் எல்லையைத்தான் விரித்தது. இரண்டு மணமகள்கள், இரண்டு மணமகன்கள் என்ற கேள்வி அங்கு எழவில்லை. சுப்ரியோ வழக்கிலும் எழவில்லை. விசாரணையைச் சிறப்புத் திருமணச் சட்டத்தோடு நிறுத்திக்கொண்டு தனிநபர் சட்டங்களை நீதிமன்றம் ஒதுக்கி வைத்தது. மாலை மாற்றிக்கொண்ட இரண்டு இந்துப் பெண்களின் திருமணம் 7அ பிரிவில் அடங்குமா என்பதை உச்ச நீதிமன்றம் இன்றுவரை நேரடியாகத் தீர்மானிக்கவில்லை. சுப்ரியோ தீர்ப்பின் பொதுவான போக்கு அந்த வாதத்துக்குப் பாதகமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நீதிபதி பட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. சுப்ரியோ தீர்ப்புக்கு ஏழு வாரங்களுக்கு முன், 2023 ஆகஸ்ட் 28 அன்று, அவர் இடம்பெற்ற அமர்வு இளவரசன் வழக்கை முடித்துவைத்தது. 7அ பிரிவின்படி நடக்கும் திருமணம் ஊரறிய அறிவிக்கப்பட வேண்டும், வழக்கறிஞர் அலுவலகத்தில் மறைவாக நடந்தால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் பாலகிருஷ்ண பாண்டியன் வழக்கில் கூறியிருந்தது. அதை அந்த அமர்வு தவறு என்று தள்ளியது. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சும் இணையர் பகிரங்கமாக அறிவிக்க முடியாமல் போகலாம், அறிவித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம், துணையைத் தேர்வது 21-ஆம் சரத்தின் கீழ் வரும் உரிமை என்பவை காரணங்கள். தமிழ்நாட்டில் சாதி மறுத்து மணந்தவர்கள் கொல்லப்படுவதை அறிந்த எவரும் இந்தத் தீர்ப்பை நன்றியோடுதான் வாசிப்பார்கள்.

ஆனால் இதன் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? ஊர் பார்க்க வேண்டியதில்லை, உறவு ஏற்க வேண்டியதில்லை, இருவர் ஒருவரை ஒருவர் தேர்ந்தால் போதும், சாட்சிக்குச் சிலர் இருந்தால் போதும். இதுவே திருமணம் என்றால், சமூகம் முன்கூட்டியே நிறுவி வைத்த நிறுவனம் என்ற அடித்தளம் அதற்கு எதற்கு? ஆகஸ்டில் சமூகத்தின் எதிர்ப்பிலிருந்து திருமணத்தைக் காத்த அதே பேனா, அக்டோபரில் சமூகத்தின் ஏற்பு இல்லாததைத் தடையாகக் கண்டது. இரண்டு வழக்குகளின் கேள்வியும் வேறு, முதலாவது இருக்கும் சட்டத்தின் விளக்கம், இரண்டாவது இல்லாத சட்டத்தின் கோரிக்கை என்று அவர் தரப்பில் பதில் சொல்லலாம். ஓரளவு சரியான பதில். ஆனால் திருமணத்தின் தோற்றம் பற்றிய வரலாற்றுக் கூற்று வழக்குக்கு வழக்கு மாற முடியாது.

ரூத் வனிதா 2005-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் சென்றது. இந்து மரபுக்குள்ளேயே தன்பாலின இணைவுகளுக்கு இடம் இருந்ததை அவர் தேடித் தொகுத்தார். மதிப்புமிக்க தேடல், எனினும் அது தொன்மையை நிரூபிக்கும் சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறது. தெய்வானை ஆச்சி வழக்கில் கேட்கப்பட்டதும் அதே தொன்மைதான். 1967-இன் சட்டமன்றம் அந்தச் சுமையைத் தூக்கவில்லை. மூத்த மரபு எதையும் காட்டாமல், வாழ்ந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சட்டம் எழுதியது.

அப்படி எழுதியபோது அது செய்த இன்னொன்று தன்பாலின இணையரின் வழக்குக்கு மிக நெருக்கமானது. 7அ பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சட்டம் வருவதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் ஒவ்வொன்றும், அதற்குள் முறிந்துவிட்டவை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, நடந்த நாளிலிருந்தே செல்லும் என்கிறது. நீதிமன்றம் திருமணம் ஆகாது என்று சொன்ன முறையில் நடந்தவை, நடந்த அன்றே திருமணங்களாயின. 1987-இல் மத்தியப் பிரதேசத்தில் இரண்டு பெண் காவலர்கள் மணந்துகொண்டு வேலையை இழந்ததிலிருந்து, சட்டத்துக்கு முன்பே நடந்துவிட்ட தன்பாலினத் திருமணங்களின் வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம் ஒன்றை அரசு ஏற்பாடு செய்யலாம் என்று யோசனை சொன்னார். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது. இரண்டும் வரவேற்கத் தக்கவை, இரண்டும் திருமணத்துக்கு வெளியே நிற்பவை.

திருமணம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் 5-ஆம் இனத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் 1967-இல் திருத்தியதைப் போலவே இன்றும் திருத்தலாம். 7அ பிரிவின் உறுதிமொழி உட்பிரிவில் சில சொற்களையும், அதை 5-ஆம் பிரிவோடு இணைக்கும் தொடரையும் மாற்றினால் போதும். மாலைக்கும் மோதிரத்துக்கும் உரிய உட்பிரிவில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அப்படி ஒரு திருத்தம் வரும்போது, ஏற்கெனவே மாலை மாற்றிக்கொண்டு வாழ்கிறவர்களின் திருமண நாளாக எதைக் கொள்வது என்பதுதான் கடினமான கேள்வியாக இருக்கும். அது நடந்த நாளா, சட்டம் வந்த நாளா, அல்லது தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து உச்ச நீதிமன்றம் நீக்கிய 2018 செப்டம்பர் 6-ஆ? 1967-இன் முன்மாதிரி முதல் விடையின் பக்கம் நிற்கிறது. ஆனால் சொத்துரிமை, வாரிசுரிமை, இடையில் வேறு திருமணத்துக்கு வற்புறுத்தப்பட்டவர்களின் நிலை ஆகியவற்றை வைத்துப் பார்க்கும்போது அந்த விடையை அப்படியே எடுத்துப் பொருத்த முடியுமா என்பது இன்னும் தீராமல் இருக்கிறது.